திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில்: முதல் முறை வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருப்பதால் வழி கேட்பவர்கள், சந்தேகம் கேட்பவர்கள், ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், மேன்ஷனில் தங்கியிருக்கும் பிள்ளைகள் என்று எல்லோரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

கோயிலுக்கு எப்படி வர்றது? வண்டி நிறுத்த இடம் இருக்கா?

கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி நிலையத்தில் இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். பேருந்தில் வருகிறவர்கள் மெரினாவில் விவேகானந்தர் இல்லம் பக்கமோ, பாரதி சாலையிலோ இறங்கி உள்ளே நடக்க வேண்டும். யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

காரை மாட வீதிக்குள் கொண்டுவராதீர்கள். தெருக்கள் குறுகல். ஒரு மாடு படுத்திருந்தாலே போக்குவரத்து நின்றுவிடும். கடற்கரைப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வருவது நல்லது. வயதானவர்கள் கூட இருந்தால் ஆட்டோவில் குளக்கரை வரை வரலாம்.

எத்தனை மணிக்குப் போனா கூட்டம் இல்லாம பார்க்கலாம்?

காலையில் சுமார் ஆறு மணியிலிருந்து நண்பகல் வரை, பிறகு மாலை நாலு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை நடை திறந்திருக்கும். நடுவில் சாத்திவிடுவார்கள். விழா நாள்களிலும் மார்கழியிலும் இந்த நேரம் மாறும். காலவேளை பூஜைக்கும் நைவேத்தியத்துக்கும் இடையிடையே திரை போடுவார்கள், அப்போது கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை, ஏகாதசி, புரட்டாசி மாதம், ஆங்கிலப் புத்தாண்டு நாள், இவை நான்கையும் தவிர்த்தால் நிம்மதி. என்னைக் கேட்டால் செவ்வாய் அல்லது புதன் மாலையில், விளக்கு ஏற்றியபிறகு வாருங்கள். பட்டர் அவசரப்படுத்த மாட்டார், நீங்களும் நின்று பார்க்கலாம்.

என்ன உடுத்திட்டு வரணும்? ஆம்பளைங்க சட்டையைக் கழட்டணுமா?

கழற்ற வேண்டாம். கேரளத்துக் கோயில்களில் உள்ள அந்த வழக்கம் இங்கே இல்லை. வேட்டி, பேன்ட், புடவை, சுடிதார் எல்லாம் சரி. அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனும் வேண்டாம். தரை கருங்கல், வெயில் காலத்தில் பிரகாரம் நன்றாகச் சுடும். சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொள்ளத் தயாராக வாருங்கள்.

செல்போன் கொண்டு போகலாமா? ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?

கோயில்களுக்குள் செல்போன் பயன்படுத்தக் கூடாது என்று 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. வாசல் பலகையில் அன்றன்றைக்கு என்ன விதி எழுதியிருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். மூலவரைப் படம் எடுப்பது எந்தக் காலத்திலும் அனுமதிக்கப்பட்டதில்லை. கோபுரத்தையும் குளத்தையும் வெளியிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குளத்துப் பக்கம் ஒரு வாசல், பின்னாடி ஒரு வாசல் இருக்கே. எது முன்வாசல்?

இரண்டுமே முன்வாசல்தான். குளத்தைப் பார்த்தபடி கிழக்கு நோக்கி நிற்பவர் பார்த்தசாரதி. மேற்கே பார்த்து யோக நிலையில் உட்கார்ந்திருப்பவர் நரசிம்மர். அவரைத் தெள்ளிய சிங்கர், அழகிய சிங்கர் என்பார்கள். இரண்டு பேருக்கும் தனித்தனிக் கொடிமரம், தனித்தனிப் பிரம்மோற்சவம். பார்த்தசாரதிக்குச் சித்திரையில், நரசிம்மருக்கு ஆனியில்.

முதல் முறை வருகிறீர்கள் என்றால் கிழக்கு வாசலில் நுழையுங்கள். குளக்கரையில் கொஞ்சம் நின்று, கோபுரத்தை முழுசாகப் பார்த்துவிட்டு உள்ளே போகலாம். குளத்துக்குக் கைரவிணி புஷ்கரணி என்று பெயர். இதன் கரையில்தான் ஸ்ரீபெரும்புதூர் கேசவ சோமயாஜி பிள்ளை வரம் வேண்டி வேள்வி செய்தார், பிறகுதான் ராமானுஜர் அவதரித்தார் என்பது குருபரம்பரைக் கதை.

உள்ளே போனதும் முதல்ல யாரைச் சேவிக்கணும்?

வைணவ வழக்கப்படி முதலில் தாயார், பிறகு பெருமாள். இங்கே தாயார் பெயர் வேதவல்லி. அல்லி மலரில் குழந்தையாகக் கண்டெடுத்த பிருகு முனிவர் வளர்த்து, ரங்கநாதருக்கு மணமுடித்துக் கொடுத்தார் என்பது தலபுராணம். ரங்கநாதரை இங்கே மன்னாதர் என்று சொல்வதும் அந்தக் கதையால்தான்.

மூலவர் சன்னிதி வரிசை எங்கே தொடங்குகிறதோ அங்கே நேராகப் போய் நின்றுவிடுவது பெரும்பாலானவர்கள் செய்வது. அது தப்பு என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் இந்தக் கோயிலில் பெருமாள் ஐந்து பேர்: பார்த்தசாரதி, நரசிம்மர், ரங்கநாதர், ராமர், கஜேந்திர வரதர். ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு வெளியே ஓடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவே ஒப்பாது. மற்ற நாலு சன்னிதியில் பெரும்பாலும் கூட்டமே இருக்காது.

பார்த்தசாரதி கோயில்னு வந்தா, மூலவர் பேரு வேங்கடகிருஷ்ணன்ங்கறாங்க. அப்போ பார்த்தசாரதி யாரு?

கருவறையில் நெடிதுயர்ந்து நிற்கும் மூலவர் வேங்கடகிருஷ்ணர். அவருக்கு முன்னால் இருக்கும் உற்சவர் பார்த்தசாரதி. சுமதி என்ற அரசன், திருவேங்கடமுடையானிடம் "அர்ஜுனனுக்குத் தேரோட்டிய கோலத்தில் உன்னைப் பார்க்க வேண்டும்" என்று கேட்க, அவர் இங்கே அப்படிக் காட்சி கொடுத்தார் என்பது தலவரலாறு. அதனால்தான் பெயரில் வேங்கடமும் கிருஷ்ணனும் சேர்ந்திருக்கிறது.

பக்கத்தில் நிற்பவர்களையும் பாருங்கள். ருக்மிணி, அண்ணன் பலராமன், தம்பி சாத்யகி, பிள்ளை பிரத்யும்னன், பேரன் அநிருத்தன். கிருஷ்ணன் இப்படிக் குடும்பமாக நிற்பதைக் காண்பது அபூர்வம். வரிசையில் நகர்ந்துகொண்டே பார்த்தால் பெரியவர் ஒருவர் மட்டும்தான் கண்ணில் படுவார். நடுவில் இருந்து வலம், இடம் என்று நிதானமாகக் கண்ணை ஓட்டுங்கள்.

பெருமாளுக்கு மீசை ஏன்? கையில சக்கரமும் காணோமே?

மீசை, தேரோட்டியின் கோலம். மன்னர் குலத்தவர், போர்க்களத்தில் நிற்பவர் என்பதைக் காட்டுவது. பாரதப் போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தவர் அல்லவா, அதனால் சக்கரம் இல்லை. கையில் சங்கு மட்டும்தான். இன்னொரு கை தன் திருவடியைக் காட்டுகிறது. கீதையில் "என்னைச் சரணடை" என்று சொன்னதைக் கையாலேயே சொல்வதாகப் பெரியவர்கள் விளக்குவார்கள்.

உற்சவர் முகத்தையும் பார்க்கத் தவறாதீர்கள். ஐம்பொன் திருமேனி, முகமெல்லாம் வடுக்கள். அர்ஜுனன் மேல் பட வேண்டிய பீஷ்மரின் அம்புகளைத் தேரோட்டியான தான் முகத்தில் வாங்கிக்கொண்ட தழும்புகள் என்று சொல்கிறோம். தீபாராதனையின்போது விளக்கு முகத்துக்கு நேரே உயரும் அந்த ஓரிரு நொடியில் கன்னத்து வடுக்கள் நன்றாகத் தெரியும். கையைக் கூப்பிக்கொண்டு கண்ணை மூடிவிடுவது நமக்குப் பழக்கம். இங்கே மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள்.

நரசிம்மர் சன்னிதியில மணி அடிக்கலாமா?

முடியாது. அந்தச் சன்னிதிக் கதவில் உள்ள மணிகளுக்கு நாக்கு கிடையாது. யோகத்தில் இருப்பவரின் நிஷ்டை கலையக் கூடாது என்பதற்காகவாம். கதவுக்குப் பக்கத்தில் நின்று அந்த மணிகளைப் பாருங்கள். அங்கே பேச்சையும் குறைத்துக்கொண்டால் நல்லது.

இந்தக் கோயில் எவ்வளவு பழசு?

சென்னை என்ற ஊர் உருவாவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. இங்கே கிடைத்துள்ள மிகப் பழைய கல்வெட்டு பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தது. அது எட்டாம் நூற்றாண்டின் இறுதியும் ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியும் சேர்ந்த காலம். அடகில் இருந்த கோயில் நிலத்தை மீட்டு, பெருமாளுக்கு நின்றுபோன அமுதுபடியை, அதாவது உணவு படைப்பதை, மறுபடி நடத்த ஏற்பாடு செய்ததை அது சொல்கிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் தளிகை நின்றதற்காக ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார், அதைக் கல்லில் வெட்டியும் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இந்தக் கோயிலிலேயே மிகவும் பிடித்த செய்தி.

பேயாழ்வார், திருமழிசையாழ்வார், திருமங்கையாழ்வார் மூவரும் பாடியிருக்கிறார்கள், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. இன்று நீங்கள் பார்க்கும் மண்டபங்களில் பல விஜயநகரக் காலத்திலும் அதற்குப் பிறகும் எழுந்தவை. கிழக்கிந்திய கம்பெனி கோல்கொண்டா சுல்தானிடமிருந்து திருவல்லிக்கேணியைக் குத்தகைக்கு எடுத்தது 1676இல். அப்போது இது தனி ஊர், கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர்.

தீர்த்தம், சடாரி எல்லாம் எப்படி வாங்கிக்கணும்? பக்கத்துல இருக்கறவங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கு

தீர்த்தத்துக்கு வலது உள்ளங்கையைக் குழித்து, அதன் கீழே இடது கையை வைத்து நீட்டுங்கள். சிந்தாமல், உறிஞ்சும் சத்தம் இல்லாமல் குடித்துவிடுங்கள். துளசியும் பச்சைக் கற்பூரமும் மணக்கும். குடித்தபின் கையைத் தலையில் தடவிக்கொள்வது நிறையப் பேருக்குப் பழக்கம். வாய் பட்ட கை என்பதால் வைணவ வழக்கில் அது செய்வதில்லை. கைக்குட்டையில் துடைத்துக்கொள்ளுங்கள்.

சடாரி என்பது கிரீடம்போல இருக்கும், மேலே பெருமாளின் திருவடிகள் பொறித்திருக்கும். பட்டர் அதைக் கொண்டுவரும்போது கொஞ்சம் குனிந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு நில்லுங்கள். அவ்வளவுதான். தெரியாமல் கொஞ்சம் மாற்றிச் செய்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், பட்டரே சைகை காட்டிவிடுவார்.

பூஜைக்கு என்ன வாங்கிட்டு வரணும்?

துளசி மாலை போதும். வாசலில் கட்டி விற்பார்கள். அர்ச்சனை செய்ய வேண்டுமானால் கோயில் அலுவலகச் சாளரத்தில் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் பெரிய தட்டாகத் தூக்கிக் கொடுத்தால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. வெறுங்கையோடு வந்து சேவித்துவிட்டுப் போனாலும் குறை ஒன்றும் இல்லை.

தட்டுல காசு போடலைன்னா பட்டர் சரியா பார்க்க விடமாட்டாரோ?

அப்படி நினைத்துக்கொண்டு வராதீர்கள். தட்டில் போடுவது உங்கள் விருப்பம். கோயிலுக்கென்று கொடுக்க நினைத்தால் உண்டியலில் போடுங்கள், அல்லது அலுவலகத்தில் ரசீதோடு கொடுங்கள். கோயில் இந்து சமய அறநிலையத் துறை நிர்வாகத்தில் இருக்கிறது, கட்டணம் எதுவானாலும் பலகையில் எழுதியிருக்கும். பலகையில் இல்லாத தொகையை வெளியாள் யாராவது கேட்டால் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

பிரசாதத்துல காரமே இல்லையே, மறந்துட்டாங்களா?

மறக்கவில்லை. இங்கே தளிகையில் மிளகாய் சேர்ப்பதில்லை, காரம் வேண்டிய இடத்தில் மிளகுதான். முகத்தில் புண்ணோடு இருப்பவருக்கு மிளகாய் எரியுமே என்பதுதான் காரணம். மேலே சொன்ன அம்புத் தழும்புகளை ஞாபகம் வைத்துக்கொண்டு புளியோதரையைச் சாப்பிட்டுப் பாருங்கள். பெருமாளை வீட்டுப் பிள்ளைபோலப் பார்த்துக்கொள்ளும் கோயில் இது. சர்க்கரைப் பொங்கலில் நெய் கையில் வழியும், வாழை இலைத் துண்டோ தொன்னையோ வாங்கிக்கொள்ளுங்கள்.

நாங்க சைவக் குடும்பம். நெத்தியில திருநீறோட வரலாமா?

தாராளமாக வரலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பெருமாள் கோயிலில் திருநீறு பிரசாதமாகக் கொடுப்பதில்லை, துளசியும் குங்குமமும் கிடைக்கும். இவ்வளவுதான் வித்தியாசம்.

எந்த விழாவுக்கு வந்தா நல்லா இருக்கும்?

வைகுண்ட ஏகாதசி பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். விடியுமுன் பரமபத வாசல் திறக்கும், உற்சவர் அதன் வழியாக எழுந்தருளுவார். அதைப் பார்க்க முந்தைய இரவே வரிசை கட்டிவிடுவார்கள். குழந்தைகளையும் உடம்பு முடியாதவர்களையும் அந்த நெரிசலுக்குக் கூட்டி வர வேண்டாம். ஏகாதசிக்கு முந்தைய பத்து நாள் பகல் பத்து, ஏகாதசி தொடங்கிப் பத்து நாள் இராப்பத்து. இராப்பத்தில் திருவாய்மொழி சேவிப்பார்கள். ஏகாதசி கழிந்து நாலைந்து நாள் விட்டு ஒரு மாலை வந்தால், ஆழ்வார்கள் பாடிய நாலாயிர திவ்யப் பிரபந்தம் காதில் விழும், நிற்க இடமும் இருக்கும்.

மார்கழி விடியற்காலையில் திருப்பாவை கேட்க வருவது தனி அனுபவம். சித்திரையில் தேர். மாசியில் தெப்பம், குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம், கைக்குழந்தைக்காரர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பிரம்மோற்சவம் எப்போது என்பதை வாசல் பற்றிய கேள்வியிலேயே சொல்லிவிட்டேன்.

வீதியில சாமி புறப்பாடு வந்தா நான் எங்கே நிக்கணும்?

ஓரமாக நில்லுங்கள், செருப்பைக் கழற்றிவிடுங்கள். முன்னால் ஒரு கூட்டம் கையைக் கூப்பியபடி பாசுரம் சொல்லிக்கொண்டு வரும். அது பிரபந்த கோஷ்டி. நடுவில் பெருமாள். பின்னால் வருவது வேத கோஷ்டி. ஆழ்வார்களின் தமிழ் முன்னே போக, பெருமாள் அதைக் கேட்டுக்கொண்டே பின்தொடர்கிறார் என்பது சம்பிரதாயம். கோஷ்டிக்கும் பெருமாளுக்கும் நடுவில் புகுந்து தெருவைக் கடக்காதீர்கள், முழுவதும் போகும்வரை பொறுங்கள்.

பல்லக்குத் தாங்கிகள் தோள் மாற்றும் இடத்தில் நின்றால் நிதானமாகச் சேவிக்கலாம். வீடு வீடாக நின்று தட்டு வாங்கிக்கொண்டு வருவதால் தெருமுனைகளில் நேரம் எடுக்கும்.

கூட வர்ற ஃபிரெண்டு வேற மதம். அவரும் உள்ளே வரலாமா?

தமிழகக் கோயில்களில் பொதுவாகப் பிற மதத்தவர் கொடிமரம் வரை வரலாம், அதைத் தாண்டி அனுமதி இல்லை. இங்கேயும் அப்படித்தான். நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வாசலில் நின்று தர்மசங்கடப்பட வேண்டாம். கோபுரம், குளம், தூண் மண்டபங்கள் என்று அவர் பார்க்க நிறைய இருக்கிறது. புறப்பாட்டு நாளில் அழைத்து வந்தால் இன்னும் நல்லது. பெருமாளே தெருவுக்கு வந்துவிடுகிறார், அங்கே யாரும் யாரையும் நிறுத்துவதில்லை.

மாதவிலக்கு நாள் கணக்கு, வீட்டுல சாவுத் தீட்டு... எப்போ வரலாம்னு யாரைக் கேக்கறது?

கோயில் வாசலில் இதை யாரும் விசாரிப்பதில்லை. குடும்பத்துக்குக் குடும்பம் கணக்கு மாறும், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். ஒரு வருடம் முழுக்கக் கோயில் பக்கமே போகக் கூடாது என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. துக்கத்தில் இருப்பவரை அவ்வளவு நாள் பெருமாளிடமிருந்து தள்ளி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மனசு தேடினால் குளக்கரையில் உட்கார்ந்து கோபுரத்தைப் பார்த்துவிட்டாவது போங்கள்.

பாரதியாரை யானை மிதிச்சுக் கொன்னது இந்தக் கோயில்லதானா?

யானை தாக்கியது இந்தக் கோயிலில்தான், 1921இல். வழக்கமாகப் பழம் கொடுத்துப் பழகிய யானை அன்றைக்குத் தள்ளிவிட்டது. பாரதியின் அன்பர் குவளைக்கண்ணன் உள்ளே பாய்ந்து அவரைத் தூக்கிக் காப்பாற்றினார். ஆனால் அதில் பாரதி இறந்துவிடவில்லை. காயம் ஆறி எழுந்து, ஈரோடு கருங்கல்பாளையம் வரை போய்ச் சொற்பொழிவும் ஆற்றினார். அதன் பிறகு வந்த வயிற்றுக்கடுப்புதான் அந்த ஆண்டு செப்டம்பரில் அவரைக் கொண்டுபோனது.

அவர் கடைசியாக வாழ்ந்த வீடு துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் நினைவு இல்லமாக இருக்கிறது. மேற்கு வாசல் பக்கம் வெளியே வந்தால் கூப்பிடு தூரம். அவசியம் போய்ப் பாருங்கள்.

கோயில் முடிச்சுட்டு வேற என்ன பார்க்கலாம்?

தெருக்களைப் பாருங்கள். சிங்கராச்சாரி தெரு, பேயாழ்வார் கோயில் தெரு, தேரடித் தெரு இவற்றில் திண்ணையும் மரத்தூணும் வைத்த வீடுகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகின்றன, அதனால் சீக்கிரம் பாருங்கள். கணித மேதை ராமானுஜன் குடியிருந்த அனுமந்தராயன் கோயில் தெருவும் இங்கேதான். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைப் பக்கம் போனால் 1795இல் எழுந்த வாலாஜா பெரிய மசூதி. அதில் பொறித்துள்ள பாரசீகக் கவிதையை எழுதியவர் நவாபிடம் முன்ஷியாக இருந்த ஓர் இந்து. பசித்தால் ரத்னா கபே இருக்கிறது, இட்லியை சாம்பாரில் மூழ்கடித்துத் தருவார்கள். அந்த சாம்பாரில் மிளகாய் உண்டு.

எனக்கு அரை மணி நேரம்தான் இருக்கு. மூலவர் வரிசை பெருசா இருக்கு. என்ன செய்யட்டும்?

சிறப்புத் தரிசனச் சீட்டு இருக்கிறது, வாங்குவதில் தப்பில்லை. ஆனால் கூட்ட நாளில் சீட்டு வரிசையும் நீளமாகத்தான் இருக்கும், கிட்டப் போனதும் "நகருங்க, நகருங்க" என்பார்கள். அப்படிப்பட்ட நாளில் நான் சொல்வது இது: கொடிமரத்தின் பக்கத்தில் விழுந்து சேவித்துவிட்டு, தாயார் சன்னிதிக்குப் போங்கள். அங்கிருந்து கஜேந்திர வரதர், ரங்கநாதர், ராமர். பிறகு நரசிம்மரைச் சேவித்துக்கொண்டு மேற்கு வாசல் வழியாக வெளியேறிவிடலாம். ஐவரில் நால்வரைக் கிட்ட நின்று, யாரும் தள்ளாமல் பார்த்திருப்பீர்கள். பார்த்தசாரதிக்கு இன்னொரு நாள், முன்பு சொன்னதுபோல வார நடுவில் ஒரு மாலை வாருங்கள். செருப்பைக் கிழக்கு வாசலில் விட்டிருந்தால் மட்டும் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும், அதனால் கையில் ஒரு துணிப்பை இருக்கட்டும்.